சாட்சிக்கு ஒரு தேதி

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஆசீர், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணோடு. வெளியே அவன் அப்பா பொன்சிங், மடியில் ஆஸ்பத்திரிக் கோப்போடு. பத்தேகாலுக்கு உள்ளே போன பிள்ளையைப் பதினொன்றுக்கு விடுவார்கள். பதினொன்றுக்கு அவளும் வருவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமை, பாளையங்கோட்டையில் இந்த மாடிக்கு வந்து, வயதுக்கேற்ற பேச்சும் நடையும் வராத பிள்ளைகளைப் பெற்றவர்களை வட்டமாக உட்காரவைத்து, யாருக்கு எந்தப் பவுடர் என்று சொல்லிவிட்டுப் போகிற கோகிலா மேடம். ஊட்டச்சத்து ஆலோசகர் என்று அட்டையில் போட்டிருக்கும். இன்னும் நாற்பத்தைந்து நிமிடம். மூன்று மாதம் பொறுத்தவருக்கு அது பெரிதா. கோப்பின் நாடாவை அவிழ்த்தார், கட்டினார். முதல் வார்த்தை எது என்பதில்தான் இன்னும் முடிவு இல்லை. 'மேடம்' என்று தொடங்கினால் பாதி மரியாதை அங்கேயே போய்ச் சேர்ந்துவிடும், மீதியைத் திட்டாகச் சொல்ல நாக்கு வளையாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சுற்றி இருக்கிறவர்கள் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பார்கள். ஒன்றும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைத் தாளை அவள் மூக்குக்கு நேரே பிடித்து, படி என்று மட்டும் சொல்லலாம். சத்தமாகப் படி. அந்தத் தேன் குரல் கால்சியம் என்ற வரியில் வந்து இடற வேண்டும், உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கேட்க வேண்டும். அப்புறம் அவள் தந்த மஞ்சள் டப்பாப் பவுடரைத் திறந்து மூன்று ஸ்பூன் அவள் வாயில். வேண்டாம், ஒரு நாள் தின்றால் அவளுக்கு என்ன ஆகிவிடும். ஐந்து மாதம் தின்ன வேண்டும். தினம் காலையில் போய், அவர் மனைவி ஹெப்சி ஆசீருக்குப் பிடித்தது மாதிரி மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டும். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், நாகர்கோவிலில் கல்லூரியில், பிறந்த நாள் படத்தைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள், நீல நிறச் சுடிதார். அந்த மகளுக்கு. பொன்சிங் அந்த இடத்தில் நின்றார். நினைப்பு நிற்கவில்லை. அது அந்தப் பெண்ணின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, அவள் தொண்டை வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கேட்பதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கே பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் இனிப்பாகவும் இருந்தது.

ஆசீர் கேட்கக்கூட இல்லை. கேட்க அவனுக்கு வார்த்தை ஏது. குடத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வான். டம்ளரைப் பிடுங்கினால் வாளியில் முகத்தை வைப்பான், வாளியை எடுத்தால் பக்கத்து வீட்டு நாய்க்கு வைத்திருந்த சட்டியில். ஐந்து வயதுப் பிள்ளை, வீட்டை எட்டுப்போட்டு ஓடிக்கொண்டிருந்தவன், ஆடி பிறந்ததும் சுவரோரம் சாய்ந்து உட்கார ஆரம்பித்தான். வெளிக்கி போய் ஐந்து நாள், ஆறு நாள். தின்றதெல்லாம் வாந்தி. குரூப்பில் கேட்டதற்குக் கோகிலா மேடத்தின் குரல் உடனே வந்தது: பயப்படாதீங்க சார், உடம்பு கழிவ வெளிய தள்ளுது, இது நல்ல அறிகுறி, இப்ப நிறுத்திட்டா அவ்வளவும் வீண், அரை ஸ்பூன் கூட்டிக்குங்க. கூட்டினார். அந்த அரை ஸ்பூன். யார் கை அது. ஷார்ஜாவில் பெயின்ட் கம்பெனியில் பதினான்கு வருஷம் தரப் பரிசோதனை பார்த்த கை. ஒவ்வொரு டிரம்மிலும் குச்சியை விட்டு எடுத்து, லேபிளில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று பார்த்து, இந்தக் கை கையெழுத்துப் போடாமல் ஒரு டின் வெளியே போனதில்லை. சுவருக்கு அடிக்கிற சாயத்துக்கு அவ்வளவு. ஆசீருக்கு இரண்டரை வயதில் வளர்ச்சித் தாமதம் என்று சொன்ன மாதமே வேலையை விட்டுவிட்டு வந்தவர், கோகிலா சொல்லிப் பிள்ளை வாய்க்குள் போகிற மூன்றின் லேபிளையும் தனித்தனியாகப் படித்தார். டப்பா சரி. சொட்டு மருந்து சரி. மீன் எண்ணெய் மாத்திரை சரி. மூன்றையும் கூட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண் டாக்டர் மூன்றையும் கட்டில்மேல் வரிசையாக வைத்து, ஒரு தாளில் மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினாள். மூன்றிலும் அதே விட்டமின் டி. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதைப்போல முப்பது மடங்கு. சார், பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, என்றாள். திட்டக்கூட இல்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. ஒன்பது நாள் ஊசி, சலைன். இரண்டு சிறுநீரகத்திலும் மணல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கரையலாம், கரையாமலும் போகலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். ஆசீரிடம் இருந்த ஒரே ஒரு வார்த்தை அந்த ஒன்பது நாளில் எங்கேயோ போய்விட்டது. அதற்காக மட்டுமே கோகிலாவை. சிறுநீரகத்துக்குச் சட்டம் இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அந்த வார்த்தைக்கு எந்த அலுவலகம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் போனைக் காதோடு ஒட்டிவைத்திருந்தாள். வந்ததும், பையைக் கொஞ்சம் நகத்திக்கிடுங்க அண்ணாச்சி என்று மட்டும் சொல்லியிருந்தாள், அவர் பேசாமல் நகர்த்தியிருந்தார். வரவேற்பு மேசைப் பெண் பதிவேட்டைப் பார்த்து, பிரம்மசக்தி, தர்ஷிகா அம்மா, வள்ளியூரா என்று கேட்டபோது ஆமா என்று சொல்லி, மகளை அடுத்த அறைக்குள் விட்டுவிட்டு வந்தவள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். ஈரக் குடை காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மடியில் துணிப்பை, அதன் வாயில் மஞ்சள் மூடி எட்டிப் பார்த்தது. அதே டப்பாதானா என்று பொன்சிங் குனிந்து பார்த்தார். அதற்குள் அவள் போனிலிருந்து, தூறல் சத்தத்துக்கு மேலே, ஒரு ஆண் குரல் கசிந்தது. எல்லாருக்கும் வணக்கம், நான் ஆசீரோட அப்பா பேசுறேன். அது அவர் குரல், ஆனால் அவரிடம் இல்லாத குரல். நிதானமாக, அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கேட்கிறவர் தலையாட்ட இடம் விட்டு. எங்க பிள்ளைக்கு நாலே முக்கால் வயசு வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. நாங்க போகாத டாக்டர் இல்ல. அப்பத்தான் மேடம் சொல்லி, மார்ச் மாசம் பதிமூணாம் தேதி, திங்கக்கிழம காலையில, முதல் ஸ்பூன் குடுத்தோம். இருபத்தி மூணாம் தேதி, வியாழக்கிழம, காலையில ஆறே முக்கால் மணிக்கு. அங்கே ஒரு நிறுத்தம். எழுந்து அந்தப் போனைப் பிடுங்கி மழைக்குள் எறிய வேண்டும் போல இருந்தது. துணி காயப்போடுற கொடியில ஒரு காக்கா வந்து உக்காந்துச்சு. என் பிள்ள அதப் பாத்து, போ, அப்படின்னு சொன்னான். அந்தப் பெண்ணின் உதடு அந்தப் 'போ'வைச் சத்தமில்லாமல் கூடவே சொன்னது. பல தடவை கேட்டிருக்கிறாள்.

சொன்னான். அது பொய் இல்லை. ஆறே முக்கால் பொய் இல்லை, காக்கா பொய் இல்லை, வியாழக்கிழமை பொய் இல்லை. அந்த வியாழன் ஒன்பதாம் தேதி. டப்பா வீட்டுக்கு வந்ததே அதற்கு நாலு நாள் கழித்து. அம்மாக்கள் நூறு பேர் பேசியிருக்காங்க சார், ஒரு அப்பா பேசினா அதுக்குத் தனி மதிப்பு, என்று கோகிலா கேட்டபோது, அவருக்குச் சாட்சி சொல்லத் தெரியாதா என்ன. சின்னப் பிள்ளையிலிருந்து வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர். முதலில் இருள், பிறகு ஒரு கை வந்து தொடுவது, பிறகு வெளிச்சம். நடுவில் ஒரு தேதியும் மணியும். தேதி இல்லாத சாட்சியை யாரும் நம்புவதில்லை. போதகரே எழுந்து, எந்த நாளில் தம்பி என்று கேட்பார். ஆகவே தேதி வைத்தார். இரண்டு வாரம் தள்ளி வைத்தார், கிழமை கெடாமல். அப்போது அது பொய் என்றே தோன்றவில்லை, கூட்டத்தில் எல்லாரும் செய்கிற சின்ன ஒழுங்குபடுத்தல். நோய் போனது செவ்வாயாக இருக்கும், ஜெபித்தது புதனாக இருக்கும், மேடையில் ஏறும்போது அவை தாமாகவே இடம் மாறி நின்றுகொள்ளும். 'போ'ங்கிறத விட 'அப்பா'ன்னு சொன்னான்னா கேக்கிறவங்களுக்கு நல்லாருக்கும் சார் என்று கோகிலா சொன்னதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இல்ல மேடம், சொன்னது 'போ'தான், நான் மாத்த மாட்டேன். அதில் அவருக்கு எவ்வளவு பெருமை. வார்த்தையில் நேர்மை, தேதியில் மோசடி. ஹெப்சி அந்தக் குரல்பதிவை அடுப்படியில் நின்று முழுக்கக் கேட்டாள். அக்டோபரிலிருந்து ஆறு மாதம், தினம் காலை துணி காயப்போடும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காக்காயைக் காட்டி, போ, போ, போ என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்றாலும் பத்துத் தடவை சொல்லாமல் விடமாட்டாள். அவள் ஆறு மாதத்தை எடுத்து ஒரு டப்பாவுக்குக் கொடுத்தாயிற்று. கேட்டு முடித்து, போனை அவர் கையில் திருப்பித் தந்து, நல்லாப் பேசியிருக்கிய, என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில்கூட.

இதற்கும் சேர்த்து அவளைத்தான். கோகிலாவைத்தான். கேட்டது அவள், தூண்டியது அவள், குரூப் குரூப்பாக அனுப்பியது அவள். கோப்பைக் கட்டினார், அவிழ்த்தார். மூன்று மாதமாக இந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தது வீண் போகக் கூடாது. தனியாகப் போனில் திட்டினால் நம்பரைத் தடுத்துவிடுவாள். குரூப்பில் எழுதினால் அடுத்த நொடி அழித்துவிடுவாள், அவரையும் வெளியே தள்ளிவிடுவாள். ஆள் கூட வேண்டும், முகத்துக்கு நேரே, தப்பிக்க வழியில்லாமல். அதனால்தான் ஒரு வரிகூட எழுதாமல், பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததைக்கூட அவளுக்குத் தெரியவிடாமல், நல்ல பிள்ளையாகக் குரூப்புக்குள் இருந்தார். அவள் போடுகிற காலை வணக்கத்துக்குக் கை கூப்புகிற படம் அனுப்பினார். அந்தப் பொறுமையை அவர் மெச்சிக்கொண்டார். இப்போது மடியில் மஞ்சள் மூடியோடு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பொறுமை வேறு முகத்தைத் திருப்பிக் காட்டியது. மூன்று மாதம். ஒரு வரி. அழிக்கிறதுக்குள்ளே பத்துப் பேர் படித்திருப்பார்கள். அந்தப் பத்தில் ஒருத்தி வள்ளியூர்க்காரியாக இருந்திருக்கலாம்.

"ஒங்க பிள்ளைக்கும் இதான் குடுக்கியளா அண்ணாச்சி?" பிரம்மசக்தி பையிலிருந்து டப்பாவைப் பாதி தூக்கிக் காட்டினாள்.

வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். பல தடவை கேட்ட குரல், இரண்டு வார்த்தை போதும். அவர் தொண்டையைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டினார்.

"தொண்ட கட்டியிருக்கா? மழையில்லா. மிளகுத் தண்ணி போட்டுக் குடிங்க." அவள் டப்பாவை உள்ளே தள்ளினாள். "நமக்கு இன்னைக்கோட பன்னெண்டு நாளு. மேடத்த இன்னைக்குத்தான் முதல்ல பாக்கப் போறேன். எல்லாம் போனுல இந்தண்ணாச்சி பேசினதக் கேட்டுத்தான். தெனம் ஒருக்கக் கேட்டுக்கிடுவேன், தைரியத்துக்கு. எங்க வீட்டு ஆளுக்கு நம்பிக்கையே இல்ல. பவுடரத் தின்னு பேச்சு வருமாக்கும், அப்ப நீ என்னத்தத் தின்ன, இப்படிப் பேசுதன்னு கேலி. நான்தான், இந்தா இதக் கேளுன்னு போட்டுக் காட்டுனேன். காக்காயப் பாத்து சொன்னத வந்து ஒருத்தன் இட்டுக்கட்டிச் சொல்லுவானா. அம்மான்னான், அப்பான்னான்னு சொன்னா நானும் நம்பிருக்க மாட்டேன்."

பொன்சிங் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தையை மாற்றாமல் விட்டேனே, அந்த நேர்மைதான் இவளைப் பிடித்திருக்கிறது. பொய்யாய் ஒரு 'அப்பா' சொல்லியிருந்தால் இந்தப் பெண் பிழைத்திருப்பாள். இந்த நினைப்பு வந்ததும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், அதற்குள் எங்கேயாவது ஒரு வாசல் இருக்கும், அதன் வழியாகக் கோகிலாவிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று. வாசல் இல்லை. இப்போதே சொல்லிவிடலாம். நிறுத்திரும்மா, ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் இவள் இங்கேயே சத்தம் போடுவாள், கீழே வண்டியை விட்டு இறங்கும்போதே கோகிலாவுக்குத் தெரிந்துவிடும், படியேறாமல் போய்விடுவாள், மூன்று மாதமும் போய்விடும். கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடம். எட்டு நிமிடத்தில் யாரும் ஸ்பூன் எடுக்கப்போவதில்லை. எட்டு நிமிடம் கழித்துச் சொன்னாலும் அதே பலன்தான். இப்படித்தான் அரை ஸ்பூனுக்கும் கணக்குச் சொன்னார். நாளைக்குப் பார்ப்போம், இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம். நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன, சேலைகளின் ஈர வாடை, யாரோ ஒருவருடைய கைப்பிள்ளையின் முனகல். பிரம்மசக்தி தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். காலி. "வீட்டுல இருந்து நெறச்சுக் கொண்டுவந்தேன், பாப்பா உள்ள போறதுக்குள்ள குடிச்சு முடிச்சிட்டா. இந்த மழக்காலத்துலயும் என்ன தண்ணியோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிரப்பப் போனாள்.

பொன்சிங்குக்கு அது தெரிந்த தாகம். எழுந்திருக்க வேண்டும் என்று கால்களுக்குச் சொன்னார். அவை கேட்பதற்குள் படியில் பேச்சுக் குரலும் சென்ட் வாசனையும் ஏறி வந்தன. கோகிலா மேடம், மழையில் நனையாத பட்டுச் சேலையில், கைப்பெட்டி தூக்கிவர ஒரு ஆளோடு. வாசலிலேயே அவரைப் பார்த்துவிட்டாள். அவர் தயார் பண்ணி வைத்திருந்த முதல் வார்த்தைக்கு முன்னால் அவளுடைய வார்த்தை வந்து விழுந்தது.

"பொன்சிங் சார் வந்திருக்காங்க. எத்தனை மாசமாச்சு சார்." எல்லாரையும் பார்த்துத் திரும்பினாள். "உங்களுக்கெல்லாம் ஒரு சந்தோசமான விசயம். ஆசீர் அப்பா, காக்கா வாய்ஸ் கேட்டிருப்பீங்கள்ல, அது இவங்கதான். சார், நீங்களே நாலு வார்த்த பேசிருங்க. நான் பேசறதவிட அதுதான் சரி."

நிரப்பின பாட்டிலோடு பிரம்மசக்தி நடுவில் நின்றாள். முகம் முதலில் மலர்ந்தது, பிறகு கண் அவர் தொண்டைக்குப் போனது.

பொன்சிங் எழுந்தார். இந்த நிமிடத்துக்காக மூன்று மாதம் செதுக்கிய வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. வந்தது பழகின வரிசைதான், கூட்டத்தில் எழுந்து நின்றால் உடம்பு தானாகப் பிடித்துக்கொள்கிற வரிசை, அதே அடிவயிற்றுக் குரல். "என் பிள்ள பேசினது மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. டப்பா வந்தது பதிமூணாம் தேதி. என் வீட்டுக்காரி சொல்லிக்குடுத்து வந்த வார்த்தை அது. தேதியை நான்தான் மாத்திச் சொன்னேன்." ஒரு நிறுத்தம். "ஆகஸ்ட்ல என் பிள்ள ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். இந்த டப்பா, சொட்டு மருந்து, மாத்திர, மூணுலயும் இருக்கது ஒண்ணுதான், மூணும் சேந்து விஷமாயிட்டு. ரிப்போர்ட் இதுல இருக்கு. கிட்னியில புள்ளி புள்ளியா இருக்கு. இப்ப அவனுக்கு அந்த வார்த்தையும் இல்ல. இந்தம்மா அளவக் கூட்டச் சொன்னாங்க. நான் கூட்டினேன்."

கோகிலாவின் முகத்தில் அவர் பார்க்க விரும்பியது வந்தது, கன்னத்தில் ஒரு தசை துடித்தது, ஆனால் அது வந்த வேகத்தில் போய்விட்டது. "சார் ரொம்ப மனசு ஒடைஞ்சு போயிருக்காங்க" என்றாள் மெதுவாக, வரவேற்பு மேசையைப் பார்த்து. "நாம இன்னொரு நாள் வச்சுக்கலாம்." பெட்டிக்காரன் பெட்டியைத் திரும்பத் தூக்கினான். போகிறாள். மாடிப்படி மூன்று எட்டுத்தான். ஓடிப்போய்க் குறுக்கே நின்று, தாளை விரித்து, படி என்று சொல்ல அவர் ஒரு அடி எடுத்துவைத்தார். பிரம்மசக்தி அசையாமல் வழியில் நின்றாள்.

"நீங்க எத்தன நாளு குடுத்திய?"

"அஞ்சு மாசம். பன்னெண்டு நாள்ல பெருசா ஒண்ணும் ஆகியிருக்காதும்மா, ஆனா பாப்பா தண்ணி..."

"நீங்க பேசாதிய." அவள் சத்தம் போடவில்லை. கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள், காதுக்குள் எதுவோ போய்விட்டதுபோல. "அந்தத் தொண்டையில எனக்கு ஒண்ணும் சொல்லாதிய. என்ன செய்யணும்னு எழுதிக் குடுங்க."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் கைப்பிடியில் குனிந்து மேடம், மேடம் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். பொன்சிங் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கோப்பின்மேல் வைத்தார். ரத்தத்தில் கால்சியம். விட்டமின் டி. இன்றைக்கே. மூன்றையும் நிறுத்தவும். மூன்று பொருளையும் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவுக்குப் போகவும். கீழே கார்க் கதவு அடைபட்டது. பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுந்தியது, அவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரி போகும்வரை பால் வேண்டாம், என்று எழுதித் தந்தார்.

அவள் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"அடியில ஒங்க பேரு, வீட்டு விலாசம், கதவு நம்பரோட. அவ காருல போயிட்டா. எம் பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்கு ஆளு வேணும்லா."

அவர் அவளைப் பார்த்தார். மூன்று மாதமாகத் தினம் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்த வஞ்சம் அந்தக் கண்ணில் நின்றது, இன்னும் ஒரு நாள்கூட வளராதது. பேச்சுப் பயிற்சி அறைக் கதவு திறந்து, ஆசீர் அவர் முழங்காலில் வந்து முட்டி நின்றான். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொன்சிங் பேரை எழுதினார், தெருவை எழுதினார், அவள் தேடி வந்தால் தடுமாறக் கூடாது என்று எழுத்தைப் பெரிதாக்கிக் கதவு நம்பரை எழுதினார்.